தேதியில்லாத ஓலை

செங்கழனி ராஜ்ஜியத்தில் சந்தனமுத்து என்று ஒரு நிலத் தரகர். மடியிலிருந்து காசு இறக்காமலே ஊரை வளைத்துப்போடும் மகானுபாவர். எப்படி என்கிறீர்களா? ஒரே ஒரு பணம் அச்சாரம் கொடுத்து, கிரய ஓலையில் கைநாட்டு வாங்கிக்கொள்வார். பிறகு கூடுதல் விலைக்கு ஆள் தேடி, ஓலையை அவர் கையில் மாற்றிவிட்டு, நடுவில் வருவதை முடிந்துகொள்வார். ஆள் சிக்காவிட்டால் நிலம் அப்படியே முடங்கிக் கிடக்கும்.

சிலம்பாயியின் நிலம் அப்படித்தான் எட்டு மாதமாய் முடங்கியது. சபைக்கு வந்து அழுதாள்.

"மகாராஜா, என் புருஷன் படுத்த படுக்கையா கிடக்கார். நிலத்தை வித்தாத்தான் வைத்தியம். வாங்க வேற ஆள் தயாரா நிக்குது, இவர் விடமாட்டேங்கறார்."

"கைநாட்டு வெச்சிருக்காளே. ஓலைன்னா ஓலைதான்" என்றார் தரகர்.

ராஜா கையைப் பிசைந்தார். மந்திரி திருமலைக்கொழுந்து அந்த ஓலையை வாங்கி இரண்டு முறை படித்தார்.

மறுநாள் சபைக்குத் தாம்பூலத் தட்டோடு வந்தார். "அண்ணாச்சி, உங்க மகனுக்குப் பெண் கொடுக்க வந்திருக்கேன்."

மந்திரி வீட்டுச் சம்பந்தம்! தரகருக்குத் தலைகால் புரியவில்லை. என்ன ஏது என்று கேட்காமல் தட்டை வாங்கிக்கொண்டார். தட்டு கைமாறினால் பேச்சு மாறக்கூடாது என்பது அந்த ஊர் வழக்கம்.

அப்புறம் மந்திரி தாம் எழுதிவந்த சம்பந்த ஓலையை விரித்து வாசித்தார். "பெண் என் மகளாகவும் இருக்கலாம், நான் கைகாட்டும் பெண்ணாகவும் இருக்கலாம். கல்யாணத் தேதி கிடையாது. எனக்குப் பிடிக்காவிட்டால் விலகிக்கொள்வேன். நீங்கள் விலக முடியாது. அதுவரை பையனுக்கு வேறு இடம் பார்க்கக் கூடாது."

"இதென்ன அக்கிரமம்! மகாராஜா, என் பிள்ளை கிழவனாகிவிடுவான்!"

"உங்க ஓலைதான் அண்ணாச்சி. நிலம்னு இருந்த இடத்துல மாப்பிள்ளைன்னு எழுதினேன்."

ராஜா விழுந்து விழுந்து சிரித்தார். இரண்டு ஓலைகளையும் கிழிக்கச் சொன்னார். இனிமேல் கிரய ஓலையில் கெடு தேதி இருக்க வேண்டும், கைமாற்றி விடப்போவதைத் தரகர் முன்கூட்டியே சொல்லி எழுத வேண்டும், கெடு தப்பினால் நிலம் உடையவருக்கே என்று உத்தரவு போட்டார். சிலம்பாயி அன்றைக்கே நிலத்தை விற்று வைத்தியரிடம் ஓடினாள்.

தரகருக்கு ஆறவில்லை. "பெண் கொடுக்கிற எண்ணமே இல்லாதவர் எதுக்கய்யா தாம்பூலம் கொண்டுவந்தீர்?"

"வாங்குற எண்ணமே இல்லாத நீங்க எதுக்கு அச்சாரம் கொடுத்தீங்களோ, அதுக்குத்தான்" என்றார் மந்திரி.