முதலைக்குத் தொப்பி போட்ட சேவல்

வியட்நாம் தேசத்தின் தெற்கே, ஆறு கடலோடு கலக்கிற இடத்தில், குழந்தைகளே, ஒரு சதுப்புக் காடு இருந்தது. அதை ஆண்டது ஒரு சேவல். கப்பலேறி வந்த சேவல். வந்த அன்றே ஒரு புற்றின் மேல் ஏறி நின்று, "இன்று முதல் இந்தக் காட்டில் நான்தான் ஒன்று!" என்று கூவியது.

காடே காதைப் பொத்திக்கொண்டது. ஏனென்றால் அங்கே யாரும் 'ஒன்று' என்று பெயர் வைத்துக்கொள்ள மாட்டார்கள். வீட்டுக்கு மூத்த பிள்ளையையே 'இரண்டு' என்றுதான் கூப்பிடுவார்கள். 'ஒன்று' என்றால் பேய் வந்து தூக்கிக்கொண்டு போய்விடுமாம்.

"வேண்டாம் துரையே, மூன்று, நான்கு என்று ஏதாவது வைத்துக்கொள்ளுங்கள்," என்றது இரண்டக்கா வாத்து.

"பேயாவது பிசாசாவது! எங்கள் ஊரில் பேயே என்னைக் கேட்டுத்தான் நடமாடும்!"

சேவலுக்கு ஒரே ஒரு கவலைதான். என்ன ஆனாலும் அந்தப் புற்றை விட்டு இறங்கக் கூடாது.

ஆனால் ஆற்றில் ஐந்தண்ணன் என்றொரு முதலை இருந்தது. அதுவும் அதன் கூட்டமும் துறைக்கு வருகிறவர்களை மறித்து, மீன், நண்டு, வாத்து முட்டை என்று கண்டதையும் பிடுங்கிக்கொள்ளும். தினமும் புற்றடியில் ஒரே ஒப்பாரி. "திருட்டை அடக்க முடியாத உமக்குப் புற்று எதற்கு?" என்று எருமை கேட்டேவிட்டது.

சேவல் ஒற்றைக் காலில் நின்று யோசித்தது. முதலையோடு மோதினால் இறகு போகும். சும்மா இருந்தால் புற்று போகும். சட்டென்று கொண்டை சிலிர்த்தது.

'திருடனே காவல்காரன் ஆகிவிட்டால், திருட யார் மிச்சம்?'

தன் மூளையை நினைத்துத் தனக்கே புல்லரித்தது. உடனே முதலையைக் கூப்பிட்டு, தலையில் ஒரு சிவப்புத் தொப்பியை வைத்தது.

"இதைப் போட்டுக்கொண்டு நான் என்ன செய்யணும் துரை?"

"திருடர்களைப் பிடி!"

"எனக்குத் தெரிந்த திருடர்கள் எல்லாம் என் சொந்தக்காரர்களாச்சே!"

"அவர்களுக்கும் ஆளுக்கொரு தொப்பி!"

மறுநாளிலிருந்து புற்றடியில் சத்தமே இல்லை. சேவலுக்குப் பெருமை தாங்கவில்லை. வழியில் போன வாத்தை நிறுத்தியது.

"பார்த்தாயா இரண்டக்கா? திருட்டே இல்லை!"

"ஆமாம் துரையே. இப்போது அதற்கு முட்டை வரி என்று பெயர்."

"ஒரு புகார்கூட வரவில்லையே?"

"புகாரை ஐந்தண்ணனிடம்தானே கொடுக்கணும்? தவளை கொடுக்கப் போனது."

"தவளை என்ன சொல்கிறது?"

"இன்னும் திரும்பி வரவில்லை."

அன்று மாலையே முதலை ஆடி அசைந்து புற்றடிக்கு வந்தது.

"துரை, இங்கே நல்ல வெயில் அடிக்கிறது. எங்கள் ஆட்கள் படுக்கத் தோதான இடம். கொஞ்சம் இறங்குங்களேன்."

"என்ன திமிர்! உன் மேல் புகார் கொடுப்பேன்!"

"தாராளமாக. நான்தானே வாங்கிக்கொள்ளணும்?" முதலை வாயை அகலத் திறந்தது. "எனக்குக் காது மந்தம். கிட்டே வந்து சொல்லுங்கள்... இன்னும் கிட்டே..."

கோபத்தில் சேவல் தான் எங்கே நிற்கிறோம் என்று பார்க்கவில்லை. அது நின்றது முதலையின் நாக்கில்.

லபக்!

விடிந்ததும் எல்லோரும் கூடினார்கள். புற்றின் மேல் முதலை படுத்திருந்தது.

"துரை எங்கே?" என்றது எருமை.

"விசாரித்துவிட்டேன்," என்று முதலை தொப்பியைச் சரிசெய்தது. "பேய் தூக்கிக்கொண்டு போய்விட்டது. 'ஒன்று' என்று பெயர் வைத்துக்கொண்டாரே! நீங்கள்கூட வேண்டாம் என்று சொன்னீர்களே, இரண்டக்கா?"

சேவல் இருந்த இடத்தில் ஒரே இருட்டு. விடிந்ததா இல்லையா என்றே அதற்குத் தெரியவில்லை. ஆனாலும் பழக்கம் விடுமா?

"கொக்கரக்கோ!"

முதலை அவசரமாகத் தொப்பியைக் கழற்றி வயிற்றைப் பொத்தியது.

"வயிற்றில் என்னண்ணே சத்தம்?" என்றது வாத்து.

"பசி," என்றது முதலை.

அடுத்த நொடி புற்றடி காலி. அன்றும் யாரும் புகார் கொடுக்கவில்லை.

நீதி: திருடனைக் காவலுக்கு வைத்தால் திருட்டு நிற்காது; புகார்தான் நிற்கும்.