ரோஸ்லின் கேட்ட ஒரு பெயர்

ஒரு பரிசுக்கு மூன்று பேர் உரிமை கேட்கும் கதைகளை நீங்கள் கேட்டிருப்பீர்கள். இந்தக் கதையில் மூன்று பேர் உரிமை கேட்டது ஒரு குற்றத்துக்கு. முழுவதையும் கேளுங்கள், பிறகு தீர்ப்பை நீங்களே சொல்லுங்கள்.

கரிசல் காட்டின் நடுவே ஒரு விமானப் பயிற்சிப் பள்ளி. அங்கே இருவர் உட்காரும் சிறு விமானம் ஒன்று இருந்தது. வாலில் எழுதியிருந்த கடைசி எழுத்து ‘கே’. விமானக்காரர்கள் அந்த எழுத்தைக் ‘கிலோ’ என்றுதான் சொல்வார்கள், அதனால் எல்லோரும் அதைக் ‘கிலோ’ என்றார்கள். அந்த ஐப்பசியில் மூன்று நாள் விடாமல் மழை. கொட்டகைக்குள் வேறொரு விமானம் எஞ்சினைக் கழற்றிப்போட்டு நின்றதால் கிலோ வெளியிலேயே நனைந்தது.

அதன் இடது இறக்கையில், பெட்ரோல் ஊற்றும் வாயின் மூடியில் இருந்த ரப்பர் வளையம் வெடித்திருந்தது. மெக்கானிக் காதர் மைதீன் மழைக்கு முன்பே அதைப் பார்த்துவிட்டார். பள்ளியில் எல்லோருக்கும் அவர் பாய். பழுதுப் புத்தகத்தில் எழுதினால் புது வளையம் வரும்வரை கிலோ பறக்க முடியாது. மாணவர்களோ மாதக்கணக்கில் முறைக்குக் காத்திருந்தார்கள். அதனால் மூடிமேல் ஒரு பிளாஸ்டிக் தாளைக் கட்டிவிட்டு, “இடது பக்கம் நல்லா வடிச்சுப் பாருங்க” என்று வாயால் மட்டும் சொல்லிவைத்தார். இரண்டாம் நாள் காற்றில் தாள் பறந்துபோனதை யாரும் கவனிக்கவில்லை.

வடித்துப் பார்ப்பது பெரிய வேலை இல்லை. பறக்கும் முன் இறக்கைக்கு அடியில் உள்ள சிறு திருகைத் திறந்து, கண்ணாடிக் கோப்பையில் கொஞ்சம் பெட்ரோலைப் பிடிக்க வேண்டும். தண்ணீர் கலந்திருந்தால் அது அடியில் தங்கும், நடுவே ஒரு கோடு தெரியும். விமானப் பெட்ரோலில் இளநீலச் சாயம் சேர்த்திருப்பார்கள். பயிற்சியாளர் கேப்டன் துரைவேலு பதினாறு வருடமாக நடத்திவந்த பாடம் ஒரே வரி: “கோடு இருந்தா நில்லு, கோடு இல்லைன்னா கிளம்பு.”

நான்காம் நாள் காலை வானம் பளிச்சென்று நீலமாக இருந்தது. அன்று முதலில் பறக்கும் முறை மாணவி மீனலோசனிக்கு. பட்டியல் தாளைக் கையில் வைத்துக்கொண்டு சக்கரம், பிரேக், இறக்கையின் கீல்கள், எண்ணெய் என்று ஒவ்வொன்றாகப் பார்த்துக் குறித்தாள். கோப்பையில் பெட்ரோலைப் பிடித்து வானத்துக்கு நேரே தூக்கிப் பார்த்தாள். நீலமாக இருந்தது. கோடு இல்லை.

அப்போது அவள் வகுப்புத் தோழன் ஜெபின் ஓடிவந்தான். அவளைப் போலவே அவனும் தனியாகப் பறக்க அனுமதி பெற்றவன். நாகர்கோவில்காரன். அக்கா கல்யாணத்துக்காக மதியம் ரயில் ஏற வேண்டும்.

“லோசனி, உன் முறையை எனக்குக் குடேன். பத்து நாள் லீவு. இன்னைக்குப் பறக்கலைன்னா எல்லாம் மறந்துரும்.”

“மறக்கிற அளவுக்கு உனக்கு என்ன தெரியும்?”

“சரி தாயே, கல்யாண லட்டு ரெண்டு சேத்துக் கொண்டாறேன். எல்லாம் பாத்தாச்சா?”

“பாத்தாச்சு. நீயும் ஒருதடவை பாத்துக்கோ.”

“பேருலயே கண்ணை வெச்சிருக்க. நீ பாத்தா நான் பாத்த மாதிரி.”

அவளிடமிருந்து பட்டியல் தாளை வாங்கி, இறக்கையையே மேசையாக்கி, விமானம் ஓட்டுபவருக்கான கட்டத்தில் கையெழுத்துப் போட்டான்.

கிலோ ஓடுதளத்தை விட்டு எழும்பி, இரண்டு பனை உயரம் போனதும் எஞ்சின் இருமியது. பிறகு நின்றது. ஓடுதளம் முடியும் இடத்தில் பழைய கல்குவாரி. மருத்துவமனைக்குப் போகும் வழியிலேயே ஜெபின் இறந்துபோனான்.

உடைந்த எஞ்சினின் வடிகட்டியில் தண்ணீர் இருந்தது. அதைக் கேட்டதும் லோசனிக்குப் புரிந்துவிட்டது. கோப்பை முழுக்கத் தண்ணீராகவே இருந்தால் கோடு எங்கே விழும்? அவள் பார்த்த நீலம் வானத்துடையது.

ஜெபின் இறந்த ஐந்தாம் நாள் அவன் அம்மா ரோஸ்லின் பள்ளிக்கு வந்தார். நாற்காலி போட்டும் உட்காரவில்லை.

“எனக்கு ஒரு பேரு மட்டும் போதும் சார். கடைசியா அந்த வண்டியைப் பாத்து, சரி போகட்டும்னு விட்டது ஆரு? தெனமும் ஜெபத்துல மன்னிக்கேன், மன்னிக்கேன்னு சொல்லுதேன். ஆருன்னு தெரியாம நான் ஆரைப் போய் மன்னிக்க?”

பாய் முதலில் முன்னால் வந்தார். “நான்தாம்மா. வளையம் வெடிச்சது எனக்குத் தெரியும். புத்தகத்துல ஒரு வரி எழுதியிருந்தா அந்தப் பிள்ளை தரையிலேயே இருந்திருக்கும்.”

“அவர் இல்லம்மா” என்றார் கேப்டன். “கோட்டைப் பாருன்னு சொல்லிக்குடுத்த நான், வெள்ளைக் காகிதத்தைப் பின்னாடி பிடிச்சு நிறத்தைப் பாருன்னு சொல்லிக்குடுக்கலை. என் பாடம்தான் தப்பு.”

லோசனி இருவரையும் விலக்கிக்கொண்டு வந்தாள். “ஆன்ட்டி, பாத்தது நான். பாத்தாச்சுன்னு அவன்கிட்ட சொன்னதும் நான்தான்.”

ரோஸ்லின் மூவரையும் மாறி மாறிப் பார்த்தார். “ஒண்ணு கேட்டா மூணு தாறீங்களே” என்றார்.

இந்த மூவரில் அம்மாவின் கேள்விக்குச் சரியான பெயரைச் சொன்னவர் யார்?

விடை: யாருமில்லை. மூவரும் தாங்கள் செய்ததை மறைக்காமல்தான் சொன்னார்கள். ஆனால் அம்மா கேட்டது, கடைசியாகப் பார்த்துச் சரி என்று விட்டவரை. வேறு எத்தனை பேர் பார்த்திருந்தாலும், ஓட்டப்போகிறவர் தன் கண்ணால் பார்த்த பிறகே அந்தக் கட்டத்தில் கையெழுத்திட வேண்டும் என்பது விதி. கையெழுத்து ஜெபினுடையது. அம்மா மன்னிக்கத் தேடியது தன் மகனைத்தான். மூவரும் கூடிப் பேசிக்கொள்ளவில்லை, ஆனாலும் மூவருக்கும் அது தெரிந்திருந்தது. அந்தப் பெயர் அம்மாவின் காதில் விழக் கூடாது என்றுதான் அத்தனை வேகமாக முன்னால் வந்தார்கள். அதிலும் பெரிய பயன் இல்லை. இன்னும் ஒரு மாதத்தில் விசாரணை அறிக்கை நாகர்கோவிலுக்குப் பதிவுத் தபாலில் போகும். அதில் ஒரே ஒரு பெயர்தான் இருக்கும்.