செம்பில் கலந்தது என்ன?

செங்கழனி நாட்டு மன்னர் ரணதீர பூபதிக்கு வயது அறுபது. அவருடைய மீசைக்கு மட்டும் இருபது! அப்படி ஒரு கருப்பு. அந்தக் கர்வத்தில் அவர் ஒரு சட்டமே போட்டிருந்தார். யாருக்கு மீசையில் ஒரு முடி நரைத்தாலும் அவர் சபையில் உட்காரக் கூடாது, பதவியை விட்டுவிட்டு வீட்டுக்குப் போய்விட வேண்டும். என்ன மாயமோ, சட்டம் வந்த நாளிலிருந்து சபையில் ஒருவருக்கும் நரைக்கவே இல்லை.

ஒரு நாள் விடியும் நேரத்தில் மன்னரின் படுக்கையறையிலிருந்து கூச்சல் கிளம்பியது. "விஷம்! விஷம்!"

கட்டிலருகே இருந்த செம்பை எடுத்து ஒரு வாய் குடித்தாராம். துவர்ப்பும் இரும்பு வாடையுமாக நாக்கே சுருண்டுவிட்டதாம். நல்லவேளை, துப்பிவிட்டார்.

சபை கூடியது. அரண்மனை வைத்தியர் அமிர்தகடேசர் செம்பை முகர்ந்தார். கண்ணை மூடினார். திறந்தார்.

"கொடிய விஷம், மகாராஜா!"

"என்ன விஷம்?"

"மிகவும் கொடிய விஷம்!"

அவ்வளவுதான் அவருடைய ஆராய்ச்சி. தினமும் கட்டிலருகே செம்பில் தண்ணீர் வைப்பவர் சமையற்காரர் ஐயாறு. கையைக் கட்டி இழுத்து வந்தார்கள்.

"நான் ஒரு பாவமும் அறியேன் சாமி! கிணத்துத் தண்ணியைத்தானே வச்சேன்!" என்று அழுதார் ஐயாறு.

"யானையைக் கொண்டுவாருங்கள்! இவன் தலையை அது மிதிக்கட்டும்!" என்றார் மன்னர்.

சபையின் விகடகவி மங்கைபாகனுக்குப் பகீரென்றது. மோரில் ஈ விழுந்தால்கூட அந்த ஈக்காக அழுகிற மனுஷன் ஐயாறு. இவராவது, விஷம் வைப்பதாவது! மங்கைபாகன் எழுந்தான்.

"மகாராஜா, யானை கொஞ்சம் காத்திருக்கட்டும். கலந்தது என்ன என்று முதலில் பார்ப்போம். அது தெரிந்தால், அதை வைத்திருப்பவர் யார் என்று தெரியும். அவரைப் பிடித்தால் போயிற்று."

"கண்டுபிடிக்காவிட்டால்?"

"யானைக்கு இரண்டு தலை!"

சொன்ன பிறகுதான் அந்த இரண்டாவது தலை தன்னுடையது என்று அவனுக்கே உறைத்தது. ஆனாலும் சிரித்துக்கொண்டே கிண்ணங்களை வரிசையாக வைத்து, செம்பில் மிச்சமிருந்த நீரைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றினான்.

முதல் கிண்ணத்தில் சுண்ணாம்புத் தெளிவைச் சேர்த்தான். "மயில்துத்தம் என்ற செப்பு விஷமாக இருந்தால் நீலமாகத் திரளும்." திரண்டது, ஆனால் நீலமாக இல்லை. அழுக்குப் பச்சையாக ஏதோ மெல்ல அடியில் இறங்கியது.

அடுத்ததில் கடுக்காய் ஊறிய நீரைச் சொட்டினான். ஒரு சொட்டுதான்! தெளிவாக இருந்த தண்ணீர் கருகருவென்று மசியாகிவிட்டது. கருப்பு திரிதிரியாகப் பிரிந்து அடியில் படிந்தது.

"அன்னபேதி!" என்று கத்தினான் மங்கைபாகன். "கடுக்காயோடு சேர்ந்தால் இப்படிக் கறுப்பது அந்த இரும்பு உப்புதான்!"

பலே என்று கைதட்டியிருக்க வேண்டிய சபை தலையைக் குனிந்துகொண்டது. அவன் நிமிர்ந்து பார்த்தான். மன்னருடைய கை மெதுவாக, மிக மெதுவாக, அவர் மீசைப் பக்கம் போய்க்கொண்டிருந்தது.

மங்கைபாகனுக்குச் சட்டென்று விளங்கிவிட்டது. கடுக்காயும் அன்னபேதியும்! வாராவாரம் கதவைத் தாழிட்டுக்கொண்டு அவனும் அதைத்தானே மீசையில் பூசுகிறான்! அப்படியானால் மன்னரும்... இருட்டில் தண்ணீர் என்று நினைத்து, சாயத்துக்கு வைத்திருந்த செம்பை எடுத்து அவரே குடித்துவிட்டார்! இதை வாய்விட்டுச் சொன்னால் அவன் தலை போகும். சொல்லாவிட்டால் ஐயாறின் தலை போகும். இதற்கு நடுவில் பாழாய்ப்போன சிரிப்பு வேறு பொத்துக்கொண்டு வந்தது.

"சரி சரி, அன்னபேதி," என்றார் மன்னர் அவசர அவசரமாக. "இவனே எங்கேயாவது வாங்கியிருப்பான். வரட்டும் யானை!"

ஐயாறு ஓவென்று அலறினார். மங்கைபாகனுக்குக் கோபம் வந்துவிட்டது.

"இன்னும் ஒரு சோதனை பாக்கி, மகாராஜா!"

ஒரு கூடை எலுமிச்சம்பழம் வந்தது. ஒன்றை நறுக்கிக் கருப்புக் கிண்ணத்தில் பிழிந்தான். கருப்பு வெளிறியது, கலைந்தது, போயே போய்விட்டது.

"பார்த்தீர்களா? அன்னபேதிக் கருப்பு எலுமிச்சைக்கு நிற்காது. யார் மேல் இந்தக் கருப்பு இருக்கிறதோ, அவரிடம் அன்னபேதி இருக்கிறது. எல்லாரையும் தேய்த்துப் பார்த்துவிடுகிறேன். முதலில் அடியேன்!"

மிச்சப் பாதியைத் தன் மீசையில் வைத்து அழுத்தித் தேய்த்தான். கரிய நீர் தாடையில் வழிந்தது. உள்ளேயிருந்து பளிச்சென்று நரை எட்டிப் பார்த்தது.

"என் பதவி போயிற்று. அடுத்து யார்?" கூடையைத் தூக்கிக்கொண்டு நடந்தான்.

தளபதிக்குத் திடீரென்று தும்மல் வந்து முகத்தைப் பொத்திக்கொண்டார். மந்திரி எதையோ தேடுபவர்போல் தரையோடு தரையாகக் குனிந்துவிட்டார். வைத்தியர் சால்வையை மூக்குவரை இழுத்துப் போர்த்தினார். மன்னர் இரண்டு கைகளாலும் மீசையை மூடிக்கொண்டிருந்தார்.

ஐயாறு மட்டும் தும்பைப்பூவாய் வெளுத்த மீசையில் கண்ணீர் சொட்டச் சொட்ட நின்றார்.

"மகாராஜா!" என்றான் மங்கைபாகன். "எலுமிச்சைக்குப் பயப்படாத மீசை இந்தச் சபையில் ஒன்றே ஒன்றுதான் இருக்கிறது. அதைத்தான் யானைக் காலில் போடச் சொல்கிறீர்கள்!"

மூடிய கைகளுக்குள்ளிருந்து க்ளுக்கென்று ஒரு சத்தம் வந்தது. மன்னர் சிரித்தார். குலுங்கிக் குலுங்கி, கண்ணில் நீர் வரச் சிரித்தார்.

"இருட்டில் செம்பு மாறிவிட்டதடா!" என்று ஒப்புக்கொண்டார். "கட்டை அவிழ்த்துவிடுங்கள். ஐயாறு, என்னை மன்னித்துவிடு. நரைச் சட்டமும் இன்றோடு ஒழிந்தது!"

தம் கையிலிருந்த பொற்காப்பைக் கழற்றி மங்கைபாகனுக்கு மாட்டிவிட்டார். ஐயாறுக்குப் பட்டும் பொன்னும் கொடுத்தார்.

உயிர் திரும்பி வந்த மகிழ்ச்சியில் ஐயாறுக்குத் தலைகால் புரியவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு கூடையைப் பார்த்தார்.

"இத்தனை பழம் வீணாப் போகுதே சாமி! மத்தியானத்துக்கு எல்லாருக்கும் எலுமிச்சம்பழச் சாதம் கிண்டிடட்டுமா?"

"வேண்டவே வேண்டாம்!" என்று மீசையைப் பொத்திக்கொண்டு அலறியது சபை.