குளத்தில் கால் வைத்த உடும்பு

காட்டுக் குளத்தின் கரையில் நாரை ஒன்று சட்டத் தத்துவ வகுப்பு நடத்தி வந்தது. நரி, கரடி, உடும்பு மூன்றும் அதில் மாணவர்கள். படித்து முடித்தால் புலி அரசனின் சபையில் வேலை கிடைக்கும் என்று நம்பித்தான் உடும்பு சேர்ந்தது. சேர்ந்த நாளிலிருந்து அதற்குத் தலை சுற்றியது.

அரசன் சொன்னாலே அது சட்டமா, நியாயமாக இருந்தால்தான் சட்டமா என்று நாரை கேட்கும். சொன்னாலே சட்டம்தான் என்று நரி அடித்துப் பேசும். உடும்புக்கு அது சரி என்று தோன்றும். நியாயமில்லாதது சட்டமே இல்லை என்று கரடி உறுமும். அதுவும் சரியாகத்தான் படும். நாரையோ இருவரையும் மெச்சும். இரை தேடும்போதுகூட உடும்பு தனக்குத் தானே புலம்பிக்கொண்டு திரிந்தது.

அந்தக் கோடையில் குளம் வற்றியது. மிச்சத் தண்ணீர் கெட்டுவிடக் கூடாதென்று புலி ஓர் ஆணை போட்டது. எல்லோரும் கரையில் நின்றே குடிக்க வேண்டும். உள்ளே கால் வைத்தவரைக் காட்டைவிட்டே துரத்திவிடுவார்கள்.

ஒரு நாள் வகுப்பு நடந்துகொண்டிருந்தபோது, குடிக்கக் குனிந்த முயல் ஒன்று கரை சரிந்து சேற்றில் விழுந்தது.

"என்னைத் தூக்கிவிடுங்கள்!" என்று கதறியது.

கரடி எழுந்தது. நரி மறித்தது. ஆணையில் யாருக்கும் விலக்கு சொல்லவில்லையே என்றது. உயிரைக் காக்கவிடாத ஆணை ஆணையே அல்ல என்று கரடி வாதாடத் தொடங்கி, அங்கேயே நின்றுவிட்டது. நாரைக்கு ஒரே மகிழ்ச்சி. இதைவிட நல்ல எடுத்துக்காட்டு கிடைக்காது, மேலே பேசுங்கள் என்றது.

உடும்பு நரியைப் பார்த்தது, கரடியைப் பார்த்தது. யார் சொல்வது சரி என்று விளங்கவில்லை. அதற்குள் சேறு முயலின் கழுத்துவரை ஏறிவிட்டது. காட்டைவிட்டுத் துரத்தினால் எங்கே போவது என்று உடும்பு பயந்தது. ஆனாலும் இறங்கியது. கரையோர வேரை முன்னங்கால்களால் இறுகப் பற்றிக்கொண்டு வாலை நீட்டியது. முயல் அதைக் கவ்விக்கொள்ள, இழுத்துக் கரை சேர்த்தது.

செய்தி கேட்டுப் புலி வந்தது.

"என் ஆணையை மீறினாயா?"

"மீறினேனா இல்லையா என்று எனக்கே தெரியவில்லை, அரசே. குடிக்கிற தண்ணீர் கெடக் கூடாது என்றுதானே அந்த ஆணை? முயல் உள்ளேயே செத்து அழுகியிருந்தால் இந்தத் தண்ணீரை யார் குடிப்பது?"

உயிரைக் காக்க இறங்கினால் குற்றமில்லை என்று ஆணையைத் திருத்திச் சொல்லிவிட்டுப் புலி போனது.

நாரை விடவில்லை. "அப்படியானால் நீ சட்டத்தை மீறினாயா, காப்பாற்றினாயா?" என்று கேட்டது.

"தெரியவில்லை, ஐயா" என்றது உடும்பு. பக்கத்தில் முயல் சேற்றை உதறிக்கொண்டிருந்தது.

சட்டம் எது என்று குழம்பி நிற்பவரும், அது யாரைக் காக்க வந்தது என்பதை மறக்காதிருந்தால் வழி தவறமாட்டார்.