முன்னுரையில் ஒரு வரி

சங்க அலுவலக வாசலில் மைதாப் பசை கொதித்துக்கொண்டிருந்தது. தோழர் பாக்கியத்தாய் அதைக் குச்சியால் கிண்டிக்கொண்டிருந்தார். சாயங்காலத்துக்குள் ஊர் முழுக்கச் சுவரொட்டி ஒட்டியாக வேண்டும்.

ரோஸ்லின் கையிலிருந்த ஆய்வேட்டைப் பக்கத்தில் வைத்துவிட்டு, எதிரே குத்துக்காலிட்டு உட்கார்ந்தாள். பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டத்துக்குப் படிப்பவள். அதற்கு முன் பஞ்சாலையில் வேலை பார்த்தவள். பாக்கியத்தாயிடம் துண்டறிக்கை துண்டறிக்கையாக அரசியல் கற்றவள்.

“என்ன டாக்டரம்மா, மூஞ்சி தொங்கிக் கெடக்கு?”

“நெறியாளர் கையெழுத்துப் போட மாட்டேங்கிறார், தோழர்.”

“ஏனாம்?”

“பஞ்சாலைப் பொண்ணுங்களைப் பத்தின ஆய்வேடு. முன்னுரையில, ‘நானும் அங்கே வேலை பார்த்தவள்’னு ஒரு வரி எழுதியிருக்கேன். அதை எடுத்துடணுமாம்.”

“ஏன், பொய்யா?”

“உண்மைங்கிறதுதான் சிக்கல். ஆய்வாளர் வெளியே நிக்கணுமாம். உள்ளே இருந்தவள்னு தெரிஞ்சா, எழுதினதையெல்லாம் புலம்பல்னு தள்ளிடுவாங்களாம். கெட்டவர் இல்லை தோழர். என் நல்லதுக்குத்தான் சொல்றார்.”

“நம்ம நல்லதுக்கு எத்தனை பேர் மெனக்கெடுறாங்க பாரு.”

“ஒரு வரிதானே? எடுத்துட்டா பட்டம் வந்துடும். அப்புறம் நாற்காலியில உட்கார்ந்து எவ்வளவோ பேசலாமே.”

“நாற்காலி தேக்கா, பிளாஸ்டிக்கா?”

ரோஸ்லினுக்குச் சிரிப்பு வரவில்லை. பாக்கியத்தாய் அடுப்பிலிருந்து விறகை வெளியே இழுத்தார்.

“எங்க மில்லுல ஒரு புள்ளைக்கு ரெண்டு விரல் போச்சு. மெஷினோட மூடியைக் கழட்டிப்போட்டு ஓட்டச் சொன்னது மேஸ்திரி. நான் பக்கத்துல நின்னு பார்த்தேன். நிர்வாகம் விசாரணை வச்சுது. நான்தான் சாட்சி.”

“சொன்னீங்களா?”

“எங்கே சொல்ல விட்டார் விசாரணை அதிகாரி? ‘அவளும் தொழிலாளி, நீயும் தொழிலாளி. அவ பக்கந்தானே பேசுவே? எந்தப் பக்கமும் சேராத சாட்சி யாராச்சும் அங்கே இருந்தாங்களா?’ன்னு கேட்டார். ‘இருந்துச்சு சார்’னேன்.”

“யாரு?”

“அவரும் அப்படித்தான் கேட்டார். ‘அந்த மெஷின்’னேன்.”

ரோஸ்லின் சிரித்துவிட்டாள். சிரிப்பு பாதியிலேயே நின்றது.

“அப்புறம்?”

“சாட்சி சொல்லாம ஒதுங்கிட்டா வேலை தங்கும்னார். ஒதுங்கலை.”

“வேலை?”

“போச்சு.”

பாக்கியத்தாய் பசையைத் தொட்டுப் பார்த்து, விரலை உதறிக்கொண்டார்.

“கையெழுத்து இல்லேன்னா எனக்கும் எல்லாம் போயிடும், தோழர். இத்தனை வருஷப் படிப்பும்.”

“போகலாம். இல்லேங்கலை.”

“நெறியாளர் சொல்றபடி எந்தப் பக்கமும் சேராம நின்னுட்டா?”

பாக்கியத்தாய் பசையை வாளியில் ஊற்றிக் கையில் தூக்கிக்கொண்டார்.

“ஒண்ணும் போகாது. அந்த மெஷினுக்கு ஒரு நாள் கூட வேலை போகலை. இன்னிக்கும் அங்கேதான் ஓடிக்கிட்டிருக்கு.”

ரோஸ்லின் எழுந்து, ஒரு வரியும் குறையாத ஆய்வேட்டைக் கையில் எடுத்துக்கொண்டு, பல்கலைக்கழகப் பேருந்து நிற்கும் பக்கம் நடந்தாள்.