தகர டப்பாவும் தண்ணீர்ப் பையும்

குருவுக்கு இருபத்தெட்டு வயது, சீடருக்கு ஐம்பத்திரண்டு. குரு மெர்லின், கால்நடை டாக்டர். சீடர் ரொசாரியோ, சங்கு குளிப்பவர். கரை ஒதுங்கிய திமிங்கலங்களை டாக்டர் அறுத்துப் பார்க்கும்போது கொக்கி பிடிக்க வந்தவர், மூன்றாவது திமிங்கலத்தில் தானே சீடராகிவிட்டார்.

ரொசாரியோவின் தம்பி தை மாதம் சங்கெடுக்க இறங்கி, மேலே வரவில்லை. ரொசாரியோ அழவில்லை. தம்பி பெயரை அதன்பிறகு சொல்லவும் இல்லை. எட்டு ஆள் ஆழம் போனவர் பதினைந்து ஆள் ஆழம் போனார். நெஞ்சு நசுங்கக் கூடாதென்று சட்டைக்குள் தோல்வாரை இறுக்கிக் கட்டிக்கொண்டார். இருமினால் ரத்தம் வந்தது. பாவம், அதையும் மறைத்தார். அவர் கைக்குட்டை காட்டிக்கொடுத்துவிட்டது.

ஒரு நாள், அறுத்த திமிங்கலத்தின் மார்புக்குள் கைவிட்டபடி கேட்டார்.

"டாக்டரம்மா, இவ்வளவு மெல்லிசான ரத்தக்குழாய். அத்தனை ஆழத்துல எப்படி நசுங்காம இருக்கு?"

டாக்டர் கை கழுவினார். அவரை வள்ளத்தில் ஏறச் சொன்னார்.

ஒரு காலி பிஸ்கட் டப்பாவை மெழுகு வைத்து அடைத்தார். ஒரு பிளாஸ்டிக் பையில் விளிம்புவரை தண்ணீர் நிரப்பி முடிச்சுப் போட்டார். இரண்டையும் கல்லோடு கயிற்றில் கட்டினார்.

"எது முழுசா வரும், அண்ணாச்சி?"

"டப்பாதான். தகரமாச்சே."

பதினைந்து ஆள் ஆழம் இறக்கித் தூக்கினார்கள். டப்பா சப்பளிந்து வந்தது. பை போனபடியே வந்தது.

ரொசாரியோ இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார்.

"திமிங்கலம் மார்பை மடங்க விட்டுடும்" என்றார் டாக்டர். "நுரையீரல் சுருங்கின இடத்துல அந்தக் குழாயெல்லாம் ரத்தத்தால நிறைஞ்சிடும். உள்ள காலியா இருந்தாத்தானே நசுங்கும்?"

"அப்போ வாரைக் கழட்டிட்டா நானும் இன்னும் ஆழம் போகலாமா?"

"நீங்க திமிங்கலம் இல்ல. இனி தண்ணிக்குள்ள இறங்காதீங்க, வாரையும் கழட்டிடுங்க. நாளைக்கு ஆஸ்பத்திரிக்குப் போறோம். நான் கூட வர்றேன்."

"தண்ணிக்குள்ள போகாதவன் வாரை எதுக்குக் கழட்டணும்?"

டாக்டர் நசுங்கிய டப்பாவை அவர் மடியில் வைத்தார்.

"இதையும் இறுக்கித்தான் அடைச்சேன். உங்க தம்பி பேரு என்ன, அண்ணாச்சி?"

ரொசாரியோவின் கை சட்டைக்குள் போய் வாரின் கொக்கியைத் தேடியது. வாய் திறந்தது. பெயருக்கு முன்னால் கண்ணீர் வந்துவிட்டது.