ஊர்வாய்ப் பாட்டு

அந்தக் காலத்தில், மேகத்துக்குக் காது இருந்த காலத்தில், தவளையும் பாம்பும் மனிதரும் ஒரே பேச்சுப் பேசிய காலத்தில், பாட்டு கேட்டால்தான் மழை இறங்கும். குளத்தில் ஒருவர் பாடுவார். மற்றவர் வாய் திறக்கக் கூடாது. கூடப் பாடினால் பாடுகிறவரை அவமதித்ததாக அர்த்தம்.

அந்த வருஷம் குளம் வற்றிக் குட்டையாகிப் போயிருந்தது. கணுக்கால் தண்ணீரில் தலைப்பிரட்டைகள் வாய் பிளந்து கிடந்தன. அவற்றில் பாதி, தாழை என்ற தவளை பெற்ற பிள்ளைகள். அன்றைக்குப் பாடும் முறையும் அவளுடையதுதான்.

சாயங்காலம் மலைமேல் ஒற்றை மேகம் வந்து நின்றது. கரையில் ஆடுகளோடு நின்ற மாசாணம் என்ற இடையன் அண்ணாந்து பார்த்தான்.

"என்ன பாட்டு தாழையக்கா? நம்ம பழைய பாட்டுதானே?" என்றான் கொட்டான் என்ற இளந்தவளை. குளத்திலேயே வாய்த்துடுக்கு அவனுக்குத்தான்.

"அது பாடிப் பாடி நைஞ்சுபோச்சுடா. மேகத்துக்கே கொட்டாவி வரும். புதுசு கட்டியிருக்கேன்."

"புதுசா? சரிதான், நாங்க தூங்கிக்கிறோம்."

தாழை பாறையில் ஏறிப் பாடினாள். பாட்டு வளைந்து வளைந்து போனது. அடுத்த அடி என்னவென்று யாருக்கும் தெரியாது. எல்லாரும் மூச்சடக்கிக் கேட்டார்கள். மேகம் மெல்ல இறங்கி வந்தது.

அப்போதுதான் கோரைப்புல் அசைந்தது. சாரை! கண் மங்கிப்போன கிழட்டுப் பாம்பு. காதை வைத்தே இரை பிடிக்கும். குளம் முழுக்க அமைதி, ஒரே ஒரு குரல். நூல் பிடித்த மாதிரி நேரே வந்தது.

"பாடு ராசாத்தி, பாடு. நுணலும் தன் வாயால் கெடும்னு சும்மாவா சொன்னாங்க?"

நிறுத்தினால் மேகம் போய்விடும். பிள்ளைகள் சேற்றில் காய்ந்து சாகும். பாடினால் தானே இரை. பயத்தில் தாழைக்குப் புதுப்பாட்டு அடியோடு மறந்தது. மேகம் முகத்தைத் திருப்பியது. நெஞ்சில் மிச்சம் நின்றது அந்த நைந்த பாட்டு ஒன்றுதான்.

"கொட்டடி கொட்டடி கார்மேகமே..."

பாம்பின் நாக்கு அவள் காலைத் தொட்டது. பாட்டு பாதியில் நின்றது.

"குட்டைக்குக் கொஞ்சம் கூடுதலா!"

அடக்கமாட்டாமல் அடுத்த அடியைக் கொட்டான் கத்திவிட்டான். கத்திய பிறகுதான் வாயைப் பொத்தினான். முறை தவறிவிட்டதே! சாரை சடாரென்று அவன் பக்கம் திரும்பியது.

"நாசமாப் போறவனே, நிறுத்தாதே!" என்று அலறினாள் தாழை. "எல்லாரும் பாடுங்க!"

தெரியாத பாட்டாக இருந்தால் திருதிருவென்று விழித்திருப்பார்கள். இது பிறந்ததிலிருந்து கேட்டது. கிழக்கே ஒரு கும்பல், மேற்கே ஒரு கும்பல், கரையிலிருந்து மாசாணம்கூடச் சேர்ந்துகொண்டான். சாரை இடமும் வலமும் சுழன்றது. எந்தப் பக்கம் பாய்ந்தாலும் பாட்டு முதுகுக்குப் பின்னால் கேட்டது. வானம் பொத்துக்கொண்டு ஊற்றியது.

"ஒத்த வாய்னா மூடிருவேன். ஊர் வாயை மூட உலைமூடிக்கு எங்கே போவேன்?" என்று முனகிக்கொண்டே வரப்பேறிப் போனது சாரை.

தவளைகள் தண்ணீருக்குள் இறங்கின. கடைசியாக மாசாணமும் ஆடுகளை ஓட்டிக்கொண்டு, அதே அடியை முணுமுணுத்தபடி ஊருக்கு நடந்தான்.

அன்று முதல்தான், புதுப்பாட்டுக்குக் கைகட்டி உட்கார்ந்திருக்கும் கச்சேரிக் கூட்டம், நைந்த பழைய பாட்டின் முதல் அடி காதில் விழுந்ததும், யாரையோ காப்பாற்றக் கிளம்பியதுபோல ஒரே வாயாகப் பாடுகிறது.